ஆயிஷா உம்மாவின் பெருவிரல்

எனக்கு ஆறு வயதாகும்வரை நான் பிறந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் மூத்தம்மாவுக்கு உடனே அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். மூத்தப்பாவுக்குக் காது மந்தம். கேட்க விரும்பாத பேச்சென்றால் இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிடும். அன்று என்னைப் பெற்ற உம்மா மவுத்தாகிவிட்டார், இறந்துவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். என்னை எடுத்த மருத்துவிச்சி ஆயிஷா உம்மாவும் வாய் திறந்ததில்லை. காத்தான்குடியின் மற்ற எல்லா வீட்டுக் கதையையும் பேசிய வாய் அது.

எங்கள் பக்கத்தில் உம்மாவின் வாப்பாவை மூத்தப்பா என்போம், உம்மாவின் உம்மாவை மூத்தம்மா என்போம். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இதை ஒருவருக்குச் சொல்லாமல் விட்டதால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது போதும்.

மூத்தப்பா கச்சி முகம்மது தறியில் சாரன் நெய்தவர். மூத்தம்மா ஆமினா உம்மாவுக்கு முழங்கால் வாதம். இரண்டு பேருக்கும் இனி ஓய்ந்து உட்காரலாம் என்ற வயதில் நாங்கள் மூன்று பேர் மடியில் விழுந்தோம்: நஸீறா, றஸீனா, நான். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிக்கிறவர் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்தப் பெண்ணே போய்விட்டால் அவருக்கு அங்கே என்ன இருக்கிறது? வாப்பா அப்துல் கபூர் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் ஊரான ஏறாவூருக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் அங்கேயே கலியாணம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சொல்லாமல் இருக்கவும் மனமில்லை.

உம்மா மவுத்தான மறுநாள் விடிந்ததும் ஆயிஷா உம்மா எங்கள் வளவுக்குள் நுழைந்தார். யாரும் கூப்பிடவில்லை. மூத்தம்மாவின் மடியிலிருந்து என்னை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு, அந்த மாதம் தான் பிரசவம் பார்த்த வீடுகளுக்கு நடந்தார். அங்கே பால் நிறைந்திருந்த தாய்மார் எனக்கும் கொடுத்தார்கள். ஒரே பால் குடித்தவர்கள் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கலியாணம் கூடாது. அதனால் எந்த வீட்டில் குடித்தேன் என்பதை அவர் மறக்காமல் வைத்திருந்தார். நான்கு வீட்டோடு நிறுத்திக்கொண்டார். "இன்னும் ரெண்டு வீட்டுல குடிச்சா இந்த ஊருல உனக்கு மாப்பிள்ள மிஞ்சாது புள்ள" என்று என்னிடம் சொல்வாராம். எனக்கு அப்போது இருபது நாள்.

அதோடு போகவில்லை. ஆட்டுப்பால் கொண்டுவந்தார். மூத்தம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சினார். மூத்தப்பாவின் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தார். தன் வீட்டுச் சோற்றைத் தான் தின்னாமல் கொண்டுவந்து எங்கள் தட்டுகளில் போட்டார். ஊர் அதைப் புண்ணியம் என்றது. அவருக்கு மட்டும்தான் தெரியும் அது என்னவென்று. உம்மாவைக் காப்பாற்ற முடியாமல் போனது தன் கையின் குற்றம் என்று அந்த மனுஷிக்கு ஒரு நினைப்பு, அது உள்ளே இருந்து அரித்துக்கொண்டே இருந்தது. அந்த நாளில் பட்டணத்தில் படித்த மருத்துவிச்சிமார் வரத் தொடங்கியிருந்தார்கள். இனிமேல் படிக்காதவள் பிள்ளை எடுத்துத் தாய் செத்தால் மறியல்தான், கம்பி எண்ண வேண்டியதுதான் என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். அதிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டால் ஆயிஷா உம்மா அடுத்த ஒழுங்கையால் போவார்.

எனக்கு இரண்டு வயதாக இப்படியிருக்கும்போதுதான் யப்பான்காரனின் சண்டை எங்கள் பக்கம் வந்தது. அந்தச் சித்திரையில் கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பிறகு அரிசிக்குக் கூப்பன் என்றார்கள். ஆளுக்கொரு புத்தகம், புத்தகம் இல்லாத வாய்க்கு அரிசி இல்லை.

கூப்பனுக்கு ஆள் எழுத வந்தவர் இராசதுரை என்கிற இளம் கிளாக்கர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவர் வந்த நேரம் மூத்தப்பா நூல் வாங்கப் போயிருந்தார். அன்னிய ஆண்பிள்ளை முன்னால் மூத்தம்மா வரமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று ஏழு வயது நஸீறாவிடம் சொல்லிக் கொடுத்தார். அவள் வாசலில் நின்று ஒப்புவித்தாள்.

"தகப்பன் எங்கை?"

"ஏறாவூருல."

"தாய்?"

"மவுத்து."

"அப்ப இது ஆரின்ரை வீடு?"

கதவுக்குப் பின்னாலிருந்து மூத்தம்மா சொன்னார்: "மூத்தப்பாட வீடெண்டு சொல்லு."

"மூத்தப்பாட வீடு" என்றாள் நஸீறா.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரத்தில் புத்தகங்கள் வந்தன. ஐந்து வரவேண்டிய இடத்தில் இரண்டு.

மூத்தப்பா பட்டணத்துக்கு, புளியந்தீவுக்கு நடந்துபோய்க் கந்தோரில், கூப்பன் ஆபீஸில் நின்றார். அவருடைய காதுக்கு எட்டியது ஒரே ஒரு வசனம்: "தகப்பன்தான் வரவேணும்." வீட்டுக்கு வந்து அதையே சொன்னார். சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார், ஆனால் நெய்யவில்லை.

நான்காம் நாள் ஏறாவூரிலிருந்து வண்டிக்காரர் ஒருவர் வாப்பாவின் சேதியோடு வந்தார். பிள்ளைகள் மூன்று பேருடைய பெயரும் ஏறாவூரில் வாப்பாவின் வீட்டில் பதிவாகியிருக்கிறதாம். அரிசி அங்கேதான் கிடைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புகிறாராம், பிள்ளைகளை ஏற்றிவிடட்டுமாம்.

இதை வாப்பா கெட்ட மனதோடு சொல்லவில்லை. அரிசி இருக்கும் இடத்தில் பிள்ளைகள் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் மூத்தம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். தன் மகளுக்கென்று கொடுத்த வீட்டில் மகளின் பிள்ளைகளும் இல்லையென்றால் பிறகு அந்த வீடு எதற்கு? நஸீறா தன் சட்டைகளை எடுத்து மடிப்பதும் மறுபடி பிரிப்பதுமாக இருந்தாளாம். இரண்டு வயதான எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூத்தம்மா தூக்கிய என்னை அன்று முழுக்க இறக்கி விடவே இல்லையென்று பிறகு சொன்னார்கள்.

ஆயிஷா உம்மா வந்து எல்லாவற்றையும் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் அடுத்த புத்தகம் வரும்வரை திருத்தமில்லை என்று கந்தோர்க் கதவில் ஒட்டியிருக்கிறதாம். அன்று வியாழக்கிழமை.

"நான் போறன்" என்றார்.

"நீ போயி என்ன சொல்லுவா? வாப்பாதான் வரோணுமாமே" என்றார் மூத்தம்மா.

"என்னத்தயாவது சொல்லுவன். எழும்பு நஸீறா, முகத்தக் கழுவு."

சொன்னது தைரியமாகத்தான். ஆனால் கல்லடிப் பாலம் தாண்டும்போது நஸீறாவின் கையை அவர் பிடித்த பிடியில் விரல்கள் சிவந்துபோயின. வாவியில் தோணிகள் நின்றன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கந்தோர் வாசலில் ஒரு பொலிசுக்காரர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். ஆயிஷா உம்மா முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, தெரிந்த குர்ஆன் ஆயத்தையெல்லாம் ஓதிக்கொண்டு உள்ளே போனார்.

இராசதுரை பதிவைப் புரட்டிப் பார்த்தார். "அம்மா, இது சரியாத்தானே இருக்கு. பிள்ளையள் தகப்பன்ரை தமையன் வீட்டிலை வந்து நிக்கினம். தகப்பன் உயிரோடை இருக்கேக்கை பெரியப்பாவுக்குக் கூப்பன் குடுக்கேலாது."

"பெரியப்பாவா? எந்தப் பெரியப்பா?"

"இந்தப் பிள்ளைதானே சொன்னது, மூத்தப்பா வீடெண்டு. மூத்தப்பா எண்டால் பெரியப்பாதானே?"

ஆயிஷா உம்மா நஸீறாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லாம் விளங்கியது. பயத்தையும் மீறி அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ட மனே! மூத்தப்பா எண்டா எங்கட பக்கம் உம்மாட வாப்பா!"

இராசதுரையின் முகம் சிவந்தது. "அதைப் பேரன் எண்டு சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்குமே."

"பேரனா? பேரன் எண்டா மகளுட மகனெல்லா?"

"எங்கடை ஊரிலை அம்மான்ரை அப்பாதான் பேரன். சரி, தாத்தா எண்டாவது சொல்லியிருக்கலாம்."

"தாத்தா எண்டா எங்களுக்கு மூத்த சகோதரி மனே. நஸீறாதான் சின்னவளுகளுக்குத் தாத்தா."

பக்கத்து மேசைக்காரர் சத்தமாகச் சிரித்தார். இராசதுரையும் சிரித்தார். அதோடு முடிந்தது என்றுதான் ஆயிஷா உம்மா நினைத்தார். ஆனால் இராசதுரை ஒரு தாளை எடுத்து, அடியில் நகல் விழக் கரித்தாளும் இன்னொரு தாளும் வைத்து, பேனையைத் திறந்தார்.

"பதிவை மாத்துறதுக்கு ஒரு சாட்சி வேணும். பிள்ளையள் அந்த வீட்டிலை பிறந்து வளருறதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தார். அண்டை வீட்டுக்காரி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அது வாயில் வரவில்லை. இரண்டு வருஷம் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"மூண்டையும் இந்தக் கையாலதான் எடுத்தன். கடைசிப் புள்ளையோட தாய் போயிட்டா. எடுத்தவளும் நான், தாயக் காப்பாத்தத் தெரியாம விட்டவளும் நான்."

பேனை நின்றது. இராசதுரை நஸீறாவைப் பார்த்து, "தங்கச்சி, வெளியிலை பானை இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்றார். அவள் போனபிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். எழுதினார், எழுதினார், நிறுத்தவில்லை. ஒரு ஆமாம் இல்லைக்கு இவ்வளவு எழுத்து எதற்கு? தாய் செத்த கதையைத்தான் எழுதுகிறார் என்று ஆயிஷா உம்மா நினைத்தார். எழுதியதை அவர் வாசித்துக் காட்டவில்லை. இவர் கேட்கவும் துணியவில்லை. பெருவிரலை மையில் அமுக்கி இரண்டு தாளிலும் வைத்தார். அதற்குப் பிறகு என்ன வந்தாலும் வரட்டும், பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

இராசதுரை நகல் விழுந்த அடித்தாளைக் கிழித்து நீட்டினார். "இதைப் பத்திரமா வையுங்கோ. ஆரும் கேட்டால் காட்டுங்கோ."

கேட்கப்போவது யாரென்று ஆயிஷா உம்மா அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது, வெறும் வண்டியாகத் திரும்பியது. மூன்று புத்தகங்களும் வந்தன. மூத்தம்மா அன்று எங்கள் மூன்று பேருக்கும் சுடச்சுடச் சோறாக்கிப் போட்டுவிட்டு ஒரு மூச்சு அழுதார். வாப்பா பெருநாளைக்கு வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார்.

ஆயிஷா உம்மா மட்டும் நிம்மதியாக இருக்கவில்லை. அந்தத் தாளை மருந்துப் பெட்டியின் அடியில் மறைத்து வைத்தார். கதவு தட்டினால் திடுக்கிடுவார். தன்னைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து, மூத்தம்மாவுக்கு எந்த எண்ணெய் என்று நஸீறாவுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். எங்காவது வெளியூருக்குப் போகப் போகிறாரோ என்று அவள் நினைத்தாளாம்.

நான்கு வருஷம் போனது. எனக்கு ஆறு வயது. நஸீறா ஐந்தாம் வகுப்பு முடித்து, கடிதம் வாசிக்கிற பெரிய மனுஷியாகிவிட்டாள். அந்த மாரிக் காலத்தில் ஆயிஷா உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டில் தனியே கிடக்க வேண்டாம் என்று மூத்தப்பா அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் ஆயிஷா உம்மா தன்னோடு கொண்டுவந்திருந்த மருந்துப் பெட்டியைக் காட்டினார்.

"அடியில ஒரு தாள் கிடக்கு நஸீறா. எடுத்து வாசி. எதையும் ஒளிக்காத. நான் மவுத்தாப் போக முந்தி என்ன எழுதியிருக்கெண்டு கேட்டுட்டுப் போறன்."

நஸீறா தாளை விரித்தாள். மடித்த இடங்களில் எழுத்து மங்கியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தாள்:

"மேற்படி பிள்ளைகள் மூவரும் கச்சி முகம்மதுவின் மகளுடைய பிள்ளைகள். பிறந்தது முதல் அவ்வீட்டிலேயே வளர்கின்றனர். மூத்தப்பா என்பது இவ்வூர் வழக்கில் தாயின் தகப்பனைக் குறிக்கும். தகப்பனின் தமையன் அல்ல. முன்னைய பதிவு இச்சொல்லை விளங்காமல் எழுதிய என் தவறு. பிள்ளைகள் பிறந்தபோது உடனிருந்தவரும், அவர்களை வளர்க்க முதியோருக்கு நாள்தோறும் உதவுபவருமான ஆயிஷா உம்மா இதை அறிந்து கூறினார்."

"மற்றது?"

"மற்றது ஒண்டுமில்ல. கீழ உங்கட பெருவிரல்."

"உங்கட உம்மாவப் பத்தி? நான் சொன்னது?"

நஸீறா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லியே."

நான்கு வருஷமாக அந்த மனுஷி பயந்து செத்தது மூத்தப்பா என்ற சொல்லின் விளக்கத்துக்கு. நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். அன்று அவர் சிரிக்கவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை வாசிக்கும்போது முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்படி ஒரு பெரிய மனுஷி அழுது நான் பார்த்ததில்லை, பயந்துபோய்க் காலடியில் நின்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கிட்ட வரச்சொன்னார். சூடான கையால் என் மூக்கைப் பிடித்தார்.

"உன்ட உம்மா உன்னப் பாத்துட்டுத்தான் போனா புள்ள. நெஞ்சில தூக்கி வெச்சன். நல்லாப் பாத்தா. ‘இவளுக்கு என்ட வாப்பாட மூக்கு’ எண்டு சொன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. அதுக்குப் பிறகுதான்."

ஆறு வயதுவரை என்னிடம் யாரும் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். நான் எழுந்து ஓடினேன். மூத்தப்பா தறியில் இருந்தார். மடியில் ஏறி நின்று அவருடைய மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். "என்ன புள்ள, என்ன?" என்று கேட்டார். அவருக்குக் கேட்கும்படி காதுக்குள் வாய் வைத்து, உம்மா கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன்.