மீட்டர் மாற்ற வந்தவர்

நிலாவெளியில் தோணி வேலை ஓய்ந்திருந்த நாட்களில், புதிய மின்மீட்டர் பூட்டுபவர் ஒருவருக்கு ஏணி சுமந்து திரிந்தேன். மெலிந்த மனிதர், வெயிலில் கறுத்த கழுத்து. எந்த வீட்டிலும் மெயின் சுவிட்சை நிறுத்துமுன் வாசலில் நின்று காது கொடுப்பார்.

கப்பல்துறைக் கிராமத்தில் ஒரு வீட்டில் கேட்டார்: "வருத்தக்காரர் ஆரும் மெசினில இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை," என்றார் வீட்டுக்கார அம்மா. திரைச்சீலைக்குப் பின்னால் ஏதோ இரைந்துகொண்டிருந்தது.

"அக்கா, அது ஒட்சிசன் மெசின் சத்தமெல்லோ?"

"ஓம் தம்பி. இவருக்குத்தான். சொன்னால் பில்லைக் கூட்டிப்போடுவாங்கள் எண்டு பயம். கொஞ்ச நேரம் தாங்குவார் எண்டு நினைச்சன்."

"கூட்டமாட்டினம். சொல்லாட்டித்தான் ஆபத்து. பில் கட்டாட்டி இந்தப் புது மீட்டரை ஒப்பிசிலிருந்தே நிப்பாட்டலாம். இனி கரண்ட் வெட்ட ஆள் வராது."

"வாற ஆளெண்டால் கையைக் காலைப் பிடிச்சு மறிப்பன். இனி ஆரைப் பிடிக்கிறது?"

மீட்டர்காரர் உடனே அலுவலகத்துக்குக் கைபேசியில் கதைத்தார். "இந்த வீட்டில ஒருத்தர் மெசினில மூச்சு விடுறார். கேட்காமல் நிப்பாட்டக் கூடாதெண்டு பதியுங்கோ." மறுமுனையில் பதிய முடியாதென்று ஏதோ சாட்டுச் சொன்னார்கள். அவர் வாதாடவில்லை. திரையை விலக்கி, கைபேசியை அந்த இரைச்சலுக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதிந்துவிட்டோம் என்று சொன்ன பிறகு, பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து மெசினைக் கொழுவிவிட்டே மீட்டரைப் பூட்டினார்.

"உண்மையா பதிஞ்சிருப்பினமோ?" என்று வழியில் கேட்டேன்.

"தெரியாது. நாளைக்கும் எடுத்துக் கேப்பன்."

வெட்டுவதை இலகுவாக்கும் கருவியை வீடு வீடாகப் பூட்டிக்கொண்டே, வெட்டாமலிருக்க இத்தனை பாடுபட்ட அந்த மனிதரை இன்னும் எனக்கு முழுதாக விளங்கவில்லை.