எல்லா ஸ்லைடிலும் வடாம்

நவி மும்பை ஐரோலியில் என் ஆபீஸில் ஸ்லைடு என்றால் வெள்ளைப் பின்னணி, மேலே ஒரு நீலப் பட்டை. அவ்வளவுதான். அதை மாற்றினால் மேனேஜர் கண்ணை உருட்டுவார். வருடக்கணக்காக அந்த வெள்ளையிலேயே உழன்றவளுக்கு, மும்பை திலக் நகரில் எங்கள் குடியிருப்பு சொசைட்டி மீட்டிங்கில் நானே ஸ்லைடு போட்டுப் பேசும் வாய்ப்பு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னணியில் என்ன படம் வேண்டுமானாலும் வைக்கலாம், கேட்க ஆளில்லை!

விஷயம் இதுதான். எங்கள் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பில்டர் கொண்டுவந்த பிளானில் மொட்டை மாடி, மேல்தளத்து ஃப்ளாட்டோடு சேர்த்து விற்பனைக்கு. வடாம் இடுவது, துணி உலர்த்துவது, பிள்ளைகள் பட்டம் விடுவது எல்லாம் போச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவருடைய ஸ்லைடுகளின் பின்னணியில் ஏதோ வெளிநாட்டுக் கண்ணாடிக் கோபுரங்கள். எங்கள் ஆட்கள் அதை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, பிளானுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டார்கள். அடுத்த மீட்டிங்கில் கை தூக்கிவிட்டால் மாடி கையை விட்டுப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைனிங் டேபிளில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மே மாதம் மாடியில் போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. என் நீலப் புடவை முழுக்க வடாம், பக்கத்து வீட்டு மராட்டிக்காரியின் பூப்போட்ட பெட்ஷீட்டில் அப்பளம், கொடியில் கட்டடத்துத் துணியெல்லாம். அது ஸ்லைடு முழுக்க விரிந்தபோது நான் கைதட்டியே விட்டேன். ஆனால் என் எழுத்தைத்தான் காணோம். வடாத்துக்கு நடுவில் எங்கேயோ தொலைந்துவிட்டது.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன இது, வடாம் விக்கறயா? படத்தைக் கொஞ்சம் மங்க வை, எழுத்து தெரியும்."

மங்க வைத்தேன். எழுத்து தெரிந்தது, வடாம் மறைந்துபோனது. மனசு கேட்கவில்லை, பாதி மங்கலோடு நிறுத்திக்கொண்டேன். படம் வைத்த உற்சாகத்தில், எல்லா ஸ்லைடுக்கும் இதையே போடு என்கிற பட்டனையும் அழுத்தியிருக்கிறேன். அது மீட்டிங்கில்தான் தெரிந்தது.

சுவரில் முதல் ஸ்லைடு விழுந்ததும், "முதல் பாயிண்ட்..." என்று தொடங்கினேன்.

"அய்யோ, ஹீ மாஜீ சாதர்!" என்று தன் பெட்ஷீட்டைக் காட்டிக் கூவினாள் பக்கத்து வீட்டுக்காரி. செக்ரெட்டரி கொடியில் தன்னுடைய ஓட்டை பனியனைப் பார்த்துவிட்டார். "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்றார் அவசரமாக. அடுத்ததிலும் அதே பனியன். அதற்கடுத்ததிலும். ஹாலே சிரித்து உருண்டது. யோசித்து யோசித்து எழுதிய பாயிண்டில் ஒன்றைக்கூட ஒருத்தரும் படிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பில்டரைப் பார்த்துத் திரும்பினாள். புது பில்டிங்கில் தன் பெட்ஷீட்டை எங்கே உலர்த்துவது என்று இந்தியில் கேட்டாள். பில்டர் பிளானைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். சிரிப்பு நின்றது. ஆளாளுக்கு எழுந்து, எங்கே, எங்கே என்று தமிழிலும் மராட்டியிலும் கேட்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு ஒருத்தரும் கை தூக்கவில்லை. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது!

கொஞ்ச நாள் கழித்து பில்டர் மாற்றிய பிளானோடு வந்தார். கண்ணாடிக் கோபுரங்களைக் காணோம். கடைசி ஸ்லைடு சுவரில் விழுந்ததும் நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து, "என் வடாம்!" என்று கத்திவிட்டேன். என் படமேதான். செக்ரெட்டரி கொடுத்திருக்க வேண்டும், பனியன் இருந்த மூலை மட்டும் வெட்டப்பட்டிருந்தது. மேலே பெரிய எழுத்தில் ஏதோ போட்டிருந்தார்கள். என் கண் நீலப் புடவையை விட்டு நகர்ந்தால்தானே!

என் கணவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "மொட்டை மாடி எல்லாருக்கும் பொதுன்னு போட்டிருக்கு. எழுத்தைப் படிடி முதல்ல."