மலையும் தெரிய வேண்டும் என்று எடுத்த கல்யாணப் படம்

“தகடு ஒன்று: மலை, ஒரு விநாடி. தகடு இரண்டு: மணமக்கள், நாற்பது விநாடி.” 1927 வைகாசி, ஞாயிறு என்று தேதியிட்டு என் படக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரி தவறு.

அப்போது நான் மலாயாவில், ஈப்போவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் தோட்டத்தில் பால்வெட்டும் பெண்ணுக்கு மலைக்குகைக் கோயிலில் கல்யாணம். அவள் அப்பா தெலுக் ஆன்சனில் படுத்த படுக்கை. நாள் அதிகமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மகளின் மணக்கோலத்தைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

குகைக்குள் இருட்டு, வெளியே எதிர்மலைமேல் கண் கூசும் வெயில்; இரண்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. முகம் தெரிய எடுத்தால் வாசல் வெறும் வெள்ளை. மலை தெரிய எடுத்தால் முகம் கரி. நான் படித்த புத்தகங்களில் இதற்கு வழி இருந்தது: இரண்டையும் தனித்தனித் தகட்டில் எடுத்து, ஒரே தாளில் சேர்த்து அச்சிடலாம்.

கேமராவில் செருகும் ஒரு மரச்சட்டத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றாக இரண்டு கண்ணாடித் தகடுகள். வாசலில் நின்று மலையை எடுத்தேன். உள்ளே வந்து, சட்டத்தைத் திருப்பிப் போடுவதற்கு முன் குறிப்பெழுத ஆரம்பித்தேன்.

“இன்னும் எவ்ளோ நேரம்லா, கிராணி ஐயா?” என்றான் பெண்ணின் அண்ணன்.

“அசையாதேன்னா வாயும்தான் அசையக்கூடாது!” என்றேன்.

மாப்பிள்ளை முணுமுணுத்தான்: “பொண்ணு பாக்கப் போனப்ப நிமிந்து பாக்க விடல. இப்ப மூச்சும் விடக்கூடாதாம்.”

பெண் சிரித்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, எடுத்து முடித்தேன்.

மறுநாள் கழுவிப் பார்த்தால் ஒரு தகடு காலி. இன்னொன்றில் எல்லாமே இருந்தன: பெண்ணின் நெற்றியில் மரங்கள், மாப்பிள்ளையின் மார்பில் பாறை. சட்டத்தைத் திருப்பாமலேயே ‘தகடு இரண்டு’ என்று எழுதியிருக்கிறேன். ஞாயிறு முழுக்க அவர்கள்மேல் எரிந்து விழுந்தவன் நான்!

செவ்வாய்க்கிழமை போய் உண்மையைச் சொன்னேன். வேலை முடிந்து வந்திருந்த பெண், மறுபடி கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு புருஷனோடு வீட்டுச் சுவர் நிழலில் நின்றாள்.

“மலையப் பாக்கவா அப்பா கேட்டாரு? என் மூஞ்சி தெரிஞ்சா போதும், ஐயா.”

ஒரே தகடு. இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

வியாழன் ரயிலில் அண்ணன் படத்தைக் கொண்டுபோனான். வெள்ளி காலை அப்பா இறந்துவிட்டார். படத்தை அவர் கையில் வைத்ததாக அண்ணன் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாகவே போயிருக்க வேண்டிய படம் அது. அதனால்தான் யாரிடமும் கேட்கத் துணிவில்லாமல் இருக்கிறேன். அவர் கண் திறந்து அதைப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது.