ஒரு சத்தத்துக்கு ஒரு பிஸ்கட்

என் அண்ணிக்கு நாய்கள்தான் பிழைப்பு. காலையில் நாலைந்து வீட்டு நாய்களை மைதானத்துக்குக் கூட்டிப்போவாள். மதியம், சொன்ன பேச்சுக் கேட்காத நாய்களுக்குப் பாடம் எடுப்பாள். மாலையில் காப்பகத்துக்குப் போய், கேட்க நாதியில்லாத நாய்களைக் குளிப்பாட்டுவாள். அவளுடைய எல்லாச் சட்டைகளிலும் வலப்பக்கப் பை மட்டும் தொங்கிப்போயிருக்கும். அது பிஸ்கட் பை. துவைக்கப் போடும்முன் அதை உதறுவது என் பொறுப்பு. மறந்தால் மொத்தத் துணியிலும் பிஸ்கட் தூள்தான். அண்ணன் பஸ் ஓட்டுகிறான், நான் மருந்துக் கடையில் இருக்கிறேன், மூவரும் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். நாத்தனாரும் அண்ணியும் சண்டையில்லாமல் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்பவர்களிடம், நாய்களை அதட்டி அதட்டியே அவளுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது, என்னை அதட்டக் குரல் மிச்சமில்லை என்று சொல்லிவைப்பேன். அது சுத்தப் பொய். அண்ணி நாய்களை அதட்டியே நான் பார்த்ததில்லை.

அதட்டலுக்குப் பதில் அவள் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். வீட்டில் அதற்கு டிக்டிக் என்று பெயர். நாய் சொன்னதைச் செய்த அதே நொடியில் அண்ணி அதை அழுத்துவாள். சத்தம் கேட்டால் நாய் செய்தது சரி, அவளிடம் ஓடி வந்தால் ஒரு பிஸ்கட் உறுதி. பாடம் அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு சட்டம் இருக்கிறது: ஒரு சத்தத்துக்கு ஒரு பிஸ்கட். கை தவறி அழுத்தினாலும் கொடுத்தே தீர வேண்டும். ஒருமுறை அண்ணன் ஏதோ பாட்டுக்கு டிக்டிக்கில் தாளம் போட்டுவிட்டான். அண்ணி அத்தனை சத்தத்துக்கும் உட்கார்ந்து பிஸ்கட் உடைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு அண்ணனிடம் அவள் முகம் கொடுத்துப் பேச வெகு நேரமாயிற்று.

பம்பரம் காப்பகத்து நாய். பழுப்பு நிறம், ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. நின்ற இடத்தில் நிற்காததால் அந்தப் பெயர். இரண்டு குடும்பங்கள் ஆசையாக எடுத்துப்போய், இரண்டு குடும்பங்களும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டன. அதன் பிறகு கூண்டில் சாப்பாட்டைத் தொடாமல், தன் வாலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. அண்ணியால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். யார் கூப்பிட்டாலும் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிய நாய் டிக்டிக் சத்தத்துக்குத்தான் முதலில் தலையை நீட்டியது. பிறகு மெல்ல வெளியே வந்தது. கொஞ்ச நாளில் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு மாடியைச் சுற்றும் அளவுக்குத் தேறிவிட்டது.

அது தேறியதுதான் வினையாகப் போயிற்று. கீழ்ப் போர்ஷனில் இருக்கும் வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்தார்.

"நாய் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. ஆனா கீழ வந்து என் தோட்டத்தைப் பாருங்க. செடி வச்ச இடத்துல எல்லாம் பள்ளம்தான் இருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள அதுக்கு ஒரு வழி பண்ணிடுங்க."

நல்ல மனிதர். அவர் தோட்டத்தை நானும் பார்த்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்க மாட்டேன். ஆக, மாசக் கடைசிக்குள் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பம்பரம் மறுபடியும் கூண்டுக்குப் போக வேண்டும். அந்த வால் அப்போதுதான் ஆறி மயிர் முளைக்க ஆரம்பித்திருந்தது.

காப்பகத்தின் இணையப் பக்கத்தில் படம் போட்டால்தான் ஆள் வரும். அண்ணி போனில் எடுத்துப் பார்த்தாள். ஓடும்போது எடுத்ததில் ஒரு பழுப்பு மேகமும், நடுவில் பல்லும் மட்டும் தெரிந்தன. அதைப் பக்கத்தில் போட்டதும் கீழே ஒரு புண்ணியவான், "இது நாயா நரியா, கடிக்குமா?" என்று எழுதியிருந்தான். உட்கார்ந்திருக்கும் பழைய படம் ஒன்று இருக்கிறதே, அதைப் போடலாமே என்றேன்.

"அந்தப் படத்தைப் பாத்துதான் ரெண்டு வீட்லயும் எடுத்துட்டுப் போனாங்க. சாதுவான நாய்னு நெனச்சாங்க. இது ஓடற நாய். ஓடறதைப் பாத்துப் பிடிச்சவங்கதான் வரணும்" என்றாள் அண்ணி. "நான் கேமரா வாங்கப் போறேன். பெரிய கேமரா."

"போன்லயே கேமரா இருக்கே" என்றான் அண்ணன்.

"அது உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு."

சாய்வு நாற்காலியில் கால் நீட்டியிருந்த அண்ணன் காலை மடக்கிக்கொண்டான்.

கேமராக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் கழுத்தில் அடையாள அட்டையும் முகத்தில் சிரிப்புமாக நின்றார். முதன்முதலாக வாங்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமரா என்றதும் பளபளப்பான ஒரு பெட்டியை எடுத்து வைத்து, அதன் மெகாபிக்சல் பெருமையைப் பாட ஆரம்பித்தார். சுவர் அளவுக்குப் படம் பெரிதாக்கினாலும் தெளிவு குறையாதாம்.

"எங்க வீட்ல அவ்ளோ பெரிய சுவரே இல்லைங்க" என்றாள் அண்ணி. "நாய் ஓடி வந்தா இது பிடிக்குமா?"

"ஓடற நாயா? முதல்லயே சொல்லக் கூடாதா மேடம்" என்று அவர் அந்தப் பெட்டியை உடனே உள்ளே வைத்துவிட்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஓடுவதை எடுக்க, ஓடுகிறதை விடாமல் துரத்திப் பிடிக்கும் ஃபோகஸ் வேண்டும், விரலை எடுக்காமல் அழுத்தினால் அடுத்தடுத்துப் படம் விழ வேண்டும் என்றார். கேமராவைக் கொஞ்சம் பழசாக வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தைத் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் நல்ல லென்ஸில் போடுங்கள் என்றும் சொன்னார். வெயில் இருக்கும் திறந்தவெளி என்பதால் பயப்பட வேண்டாம், படம் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்றார். இரண்டு கேமராக்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று புதிது. இன்னொன்று யாரோ வைத்திருந்து விற்றது, கைப்பிடி ரப்பர் தேய்ந்து கனமாக இருந்தது.

அண்ணி இரண்டையும் மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஓடு."

"நானா?"

"வேற யாரு? இவரையா ஓடச் சொல்றது?"

கடைக்கு வெளியே, நடைபாதையில், பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தின் முன்னால் நான் ஓடினேன். முதலில் குறுக்கே. இரண்டு கேமராவிலும் நன்றாகவே வந்தது. கடைக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். அண்ணி ஆட்டவில்லை.

"நாய் எனக்குக் குறுக்க ஓடாது. என்னைப் பாத்துதான் ஓடி வரும். நேரா என் மேல வந்து விழற மாதிரி வா."

"அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நல்லா வேகமா வா."

வந்தேன். புதுக் கேமராவில் எனக்குப் பின்னால் இருந்த தையல் கடைப் பெயர்ப்பலகை எழுத்து எழுத்தாகத் தெளிந்திருந்தது, முன்னால் நான் மட்டும் ஆவி மாதிரி வந்துகொண்டிருந்தேன். பழைய கேமராவில் வரிசையாக எட்டுப் பத்துப் படங்கள், எல்லாவற்றிலும் என் முகம் பளிச்சென்று இருந்தது. வாய் பிளந்திருந்தது, ஒரு செருப்பு காலை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி இன்றுவரை கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

"இதுதான்" என்றாள் அண்ணி. கை தானாகப் பைக்குள் போய், ஓடிய கூலியாக ஒரு நாய் பிஸ்கட்டை எடுத்து என்னிடம் நீட்டியது. அதை அப்படியே கடை மேஜைமேல் வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைக்காரருக்கும் எனக்கும் மட்டுமல்ல, நாய்களைக் கரைத்துக் குடித்த அண்ணிக்கும் அன்று ஒரு விஷயம் தோன்றவில்லை. அது மறுநாள் காலை மைதானத்தில்தான் தெரிந்தது. கயிற்றை அவிழ்த்ததும் பம்பரம் பறந்தது. அண்ணி முழங்காலிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்து அழுத்தினாள். 'டிக்' என்றது ஷட்டர். பம்பரம் ஓட்டத்தின் நடுவில் நின்றது. காதைத் தூக்கியது. ஒரே பாய்ச்சலில் வந்து அண்ணி முன்னால் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தது.

நான் புல்லில் உட்கார்ந்து சிரித்தேன். அண்ணி பிஸ்கட் கொடுத்துவிட்டு மறுபடி விட்டாள். மறுபடியும் அதே கதைதான். கேமராவில் சத்தத்தைக் குறைக்க ஒரு வழி இருந்தது, அதையும் வைத்துப் பார்த்தாள். நாய்க் காதிடம் அது எடுபடவில்லை. வெயில் ஏறும்போது எங்களிடம் இருந்தவை எல்லாம் பம்பரத்தின் பின்பக்கம் கலங்கலாகத் தெரிவதும், பம்பரம் மிகத் தெளிவாக உட்கார்ந்திருப்பதுமான படங்கள். உட்கார்ந்த படம் வேண்டாம் என்றுதானே இத்தனை பாடு.

"பிஸ்கட் குடுக்காம விட்டுப் பாருங்க அண்ணி" என்றேன். "ரெண்டு நாள்ல கேமரா சத்தம் வேற, டிக்டிக் வேறன்னு அதுவே புரிஞ்சுக்கும்."

"புரிஞ்சுக்கும். ஆனா முதல் தடவை ஓடி வந்து உட்கார்ந்து என் கையைப் பாக்குமே, அப்ப நான் என்ன சொல்றது? ரெண்டு வீட்ல அதை நம்ப வச்சு ஏமாத்தியாச்சு. மூணாவதா நான் வேண்டாம்."

எனக்கு அந்த நாயைவிட அண்ணியைப் பற்றித்தான் கவலை. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் கனமான கேமரா இருந்தது, உருப்படியாக ஒரு படம் இல்லை. ஆனால் அண்ணிக்குக் கலங்கத் தெரியாது. பம்பரத்தின் கழுத்தைச் சொறிந்தபடி மைதானத்தின் அந்தக் கோடி வரை பார்த்தாள். கடை வாசலில் நான் ஓடியது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நம்மதான் தப்பா நிக்கறோம்" என்றாள். "அது போறதை எதுக்கு எடுக்கணும்? வர்றதை எடுப்போம். நீ அதைக் கூட்டிட்டு அந்தக் கோடிக்குப் போ."

போனேன். மைதானத்தின் மறுகோடியில் அண்ணி புல்லில் குப்புறப் படுத்துவிட்டாள். கயிற்றை அவிழ்த்தேன். பம்பரம் வழக்கம்போல வட்டம் போட ஆரம்பித்தது. தூரத்திலிருந்து ஒரு 'டிக்' வந்தது, என் காதுக்குச் சரியாகக்கூடக் கேட்கவில்லை. பம்பரம் திரும்பியது. பிறகு அது ஓடியதை நான் பின்னாலிருந்துதான் பார்த்தேன். புல்லும் மண்ணும் என்மேல் தெறித்தன. அண்ணி விரலை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு சத்தமும் அதற்கு இன்னொரு வாக்குறுதி, அதனால் கிட்ட வர வர வேகம் ஏறியதே தவிர குறையவில்லை. கடைசியில் லென்ஸில் மூக்கை மோதித்தான் நின்றது. நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது, அண்ணி கேமராவைப் பார்த்து எத்தனை படம் என்று எண்ணி எண்ணி, பிஸ்கட்டை மிளகு அளவுக்குக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூட விடவில்லை.

அந்தப் படங்களில் ஒன்றில் பம்பரத்தின் நாலு காலும் தரையில் இல்லை. காது இரண்டும் பின்னால் பறக்கிறது. அந்த வெள்ளைக் கால் நம்மைத் தொட வருவதுபோல முன்னால் நீண்டிருக்கிறது. கண் நேராக நம்மைப் பார்க்கிறது. அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, அது கடிக்குமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அண்ணன் போனில் அதை வெகு நேரம் பார்த்தான். "சரி, போன் கேமரா இதைப் பிடிக்காதுதான்" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

படம் பார்த்து வந்தவர் ஒரு குழாய்க்காரம்மா. ஊருக்குத் தண்ணீர் வரும் பெருங்குழாய்ப் பாதையில், எங்கே கசிகிறது என்று பார்த்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பது அவர் வேலை. வெயிலில் காய்ந்த முகம், தேய்ந்த பூட்ஸ். வந்ததும் படத்தைத்தான் காட்டினார்.

"இது யாரைப் பாத்து இப்படி ஓடி வருது?"

"என்னைத்தான்" என்றாள் அண்ணி.

"என்னைப் பாத்தும் இப்படி வருமா?"

அண்ணி குனிந்து பார்த்தாள். பம்பரம் அவள் காலடியில் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது.

"வரும்" என்று டிக்டிக்கை எடுத்துக் காட்டினாள். "இந்தச் சத்தத்துல மட்டும் பொய் சொல்லாதீங்க. அழுத்தினா குடுத்துடணும்."

அந்த அம்மா வாரம் முழுக்க மாலையில் வந்தார். அண்ணி தன் டிக்டிக்கையே அவர் கையில் கொடுத்துப் பழக்கினாள். முதல் நாள் பம்பரம் சத்தம் கேட்டு அண்ணியிடம் ஓடியது. பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கடைசி நாள், சத்தம் வந்த கையைத் தேடி நேராக அந்த அம்மாவிடமே போயிற்று. அண்ணி கைதட்டிப் பாராட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவள் கண் கலங்கியிருந்தது.

கிளம்பும் நாளில் வீட்டுக்காரர்கூட வாசலுக்கு வந்து நின்றார். குழாய்க்காரம்மா முன்னால் நடக்க, பம்பரம் கயிறு தளர்ந்திருக்க அவர் பக்கத்திலேயே துள்ளிக்கொண்டு போயிற்று. நான் உள்ளே ஓடி கேமராவை எடுத்து வந்தேன்.

"ஒரு படம் எடுத்துக்கோங்க அண்ணி. ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

அவள் கண்ணில் வைத்தாள். லென்ஸ் அந்த வெள்ளைக் காலோடு கூடவே மெல்ல நகர்ந்தது. விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"எடுங்க அண்ணி, போகுது பாருங்க."

"அழுத்தினா திரும்பி வந்துடும்" என்றாள்.

தெருமுனை வரை அப்படியே நின்றாள். அவர்கள் திரும்பி மறைந்து, இன்னும் கொஞ்ச நேரம் கழிந்த பிறகுதான் அழுத்தினாள். டிக். ஆளில்லாத தெரு. அந்தப் படம் மிகத் துல்லியமாக வந்திருக்கிறது, இன்னும் கேமராவில்தான் இருக்கிறது.

அவள் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் ஒரு பிஸ்கட்டோடு வெளியே வந்தது. கொடுக்க ஆளில்லாமல் நீட்டியபடியே நின்றாள். நான் அதை வாங்கித் தின்றேன்.