பாத்திரக்காரன் வீட்டுத் தூளி

பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவனுக்குத் தொண்டையும் கோபமும்தான் முதல். பாத்திரத்தைக் கடனுக்குக்கூட எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இரண்டும் தாராளமாக இருந்தன. ஒன்பது வயசில் அப்பா அம்மா இல்லாமல் போய், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸ் கழுவி, அடி வாங்கி, அடி கொடுத்து, இருபத்திரண்டு வயசில் சொந்தமாக ஒரு சைக்கிளும் ஒரு கூடைப் பாத்திரமும் சேர்த்தவன் நான். திருவண்ணாமலையில் நான் ஒரு தெருவில் நுழைந்தால் மூன்றாவது தெருவில் பழம்புடவையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். குரல் அப்படி.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ராத்திரியில் ஏழு தரம் எழுந்தால் அது எங்களுக்கு நல்ல ராத்திரி. பால் குடிக்கும், பத்து நிமிஷம் கண்ணை மூடும், மறுபடி அலறும். டாக்டரிடம் காட்டினோம். உடம்புக்கு ஒன்றுமில்லை, பல் முளைக்கிற வரைக்கும் சில குழந்தைகள் இப்படித்தான் என்றார். இதே மாதிரி ஒன்றை வளர்த்துக்கொண்டு, கண்ணில் மண் விழுந்தாற்போல் காலையில் வேலைக்குப் போனவர்களுக்கு நான் ஜாஸ்தி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பமாட்டார்கள், விட்டுவிடுங்கள்.

தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், அஞ்சு ரூம் வரிசையில் எங்களுடையது நடு ரூம். குழந்தைக்கு மூன்றாவது மாசம் நடக்கும்போதே என் மனைவி சரோஜா சொல்லிவிட்டாள்: “உங்க கத்தல தெருவோட வெச்சுக்கங்க. கொழந்தைகிட்ட ஒரு தரம் கத்தினாலும் பொட்டிய எடுத்துக்கினு கீழ்பென்னாத்தூர்ல எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வரமாட்டேன்.” அவள் சொன்னால் செய்கிறவள். ஒரு புடவைக்காக ஒரு மணி நேரம் பேசுகிற எனக்கு, அவளிடம் மட்டும் பேரம் நடக்காது.

பத்து அடி

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விலை படியவில்லை என்றால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, மூட்டையை இறுக்கிக் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். பத்து அடிக்குள் கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லை என்றால் செயின் கழன்றதுபோல் குனிந்து நிற்க வேண்டும். அப்போது கட்டாயம் கூப்பிடுவார்கள்.

வேங்கிக்காலில் புதுசாகக் கட்டிக் குடிவந்திருந்த ஒரு அம்மாவிடம் அன்னக்கூடைக்கு ஐந்து புடவை கேட்டேன். அவர் மூன்றில் நின்றார். முதல் நாள் ராத்திரி ஒன்பது தரம் எழுந்தவன் நான். கோபமாகக் கிளம்பினேன். பத்து அடி வந்ததும் குனிய வேண்டும் என்பது மறந்துபோயிற்று. கண் திறந்துதான் இருந்தது, உள்ளே ஆள் இல்லை. ஏரிக்கரை வரைக்கும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், கையில் ஐந்து புடவையோடு அந்த அம்மா.

“ரெண்டு புடவைக்கு இவ்ளோ ரோஷமாப்பா உனுக்கு? இந்தா, எங்க வூட்டுக்காரரு பேன்ட்டும் ஒன்னு சேத்து வெச்சுக்க, கூடைய மட்டும் குடுத்துட்டுப் போ.”

மத்தியான வசவு

எல்லாத் தூக்கக் கலக்கமும் இப்படி லாபத்தில் முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தெருமுனையில் நின்று, “பழைய புடவ, பழைய பேன்ட்டு, ஜரிக போன பட்டு” என்று வழக்கம்போல் குரல் கொடுத்தேன். எதிர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. தலை முடியாமல் ஒரு சின்னப் பெண். தோளில் குழந்தை அலறிக்கொண்டிருந்தது. “ஒரு மணி நேரம் ஆட்டி இப்பதான் தூங்க வெச்சேன். நீயெல்லாம் மனுசனா?” என்று ஆரம்பித்தாள்.

என்னை ஒருவர் ஒன்று சொன்னால், பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே நாலு திருப்பிக் கொடுக்கிற ஆள் நான். அன்றைக்கும் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தேன். ஓரமெல்லாம் சிவந்து, இமை வீங்கி, காலையில் நான் விட்டுவந்த சரோஜாவின் கண்ணாகவே இருந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் கேட்டது:

“உன் வூட்லயும் ஒரு கொழந்த இருந்தாதான்யா உனுக்குத் தெரியும்.”

கொசுறு வைத்தியம்

அதற்குப் பிறகு பேரத்தை முடித்துவிட்டு, கொசுறுபோல ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன்: கொழந்த தூங்கறதுக்கு இன்னா பண்ணுவீங்க? வாங்காத வைத்தியம் இல்லை. வசம்பு சுட்டு உரசிக் கொடுக்கச் சொன்னார்கள். மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார்கள். ஒரு அக்கா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வா என்றார். அதையும் செய்தேன். குழந்தை எட்டு மைலும் விழித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்கு வந்து நான் படுத்ததும் அழுதது.

தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டில் பித்தளைக் குடத்தைத் துலக்கி வெயிலில் கவிழ்த்திருந்தார்கள். அவர் ஈசிசேரில் சாய்ந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். “எனக்கு நாலு பசங்கப்பா. நாலும் ராத்திரில ஒரு சத்தம் போட்டதில்ல. எல்லாம் வளக்கற வெதத்துல இருக்குது” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏதோ சொல்லப் போகிறேன், அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“அவருக்கு எப்டிப்பா கேட்டிருக்கும்? நான்ல முழிச்சினு இருந்தேன்.”

அந்த ஒரு கத்தல்

குழந்தைக்கு எட்டாவது மாசம். சித்திரைப் புழுக்கம். தூளி கட்டியிருந்தது ஒரு நைலக்ஸ் புடவையில். வியர்வையில் அது குழந்தையின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது அழும். அன்று ராத்திரி ஆறாவது தரம் எழுந்தது. சரோஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தாள். நான் ஆட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கடுத்தது. எந்த நிமிஷம் என்று தெரியவில்லை, “தூங்குடி” என்று கத்திவிட்டேன். மூன்று தெரு தாண்டிக் கேட்கிற குரல், பத்துக்குப் பத்து ரூமில். வரிசையில் மற்ற நாலு ரூமிலும் லைட் போட்டார்கள். கத்தினதோடு நிற்கவில்லை, கை தானாக ஓங்கிவிட்டது.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தது. கீழ் உதடு மட்டும் பிதுங்கியது. சரோஜா என் கையைப் பிடிக்கவில்லை, திட்டவில்லை. எழுந்து வந்து எனக்கும் தூளிக்கும் நடுவில் நின்றுகொண்டாள். நான் கையை இறக்கினேன். அடிக்கவில்லை. ஆனால் அடித்திருப்பேனா மாட்டேனா என்று எனக்கே உறுதியாகத் தெரியாது.

சும்மா நிற்க முடியாமல் அன்றைக்கு வாங்கி வந்த மூட்டையைப் பிரித்தேன். நடுவில் ஒரு அரக்குக் கலர் நூல் புடவை. நூறு தரம் துவைத்து, தொட்டால் கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது. நைலக்ஸை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டினேன். குழந்தை விடிகிற வரைக்கும், மூன்று மணி நேரம், ஒரே தூக்கமாகத் தூங்கியது. கத்தினதற்கு இதோடு சரியாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு நானும் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் கதவோரம் சரோஜாவின் தகரப்பெட்டி, பூட்டுப் போட்டு நின்றது.

“மூணு மணி பஸ்ஸுக்குப் போறேன். தடுக்கணும்னா தடுங்க. ஆனா கத்தாம தடுங்க.”

மூணு மணி பஸ்

அன்று தொழிலுக்குப் போகவில்லை. குழந்தையைப் பத்து மணிக்கு அதே அரக்குப் புடவைத் தூளியில் போட்டாள். நான் தகரப்பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் போடாமல் ஒருவரை எப்படித் தடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பத்தரை மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயசு இருக்கும். கையில் முந்தின நாள் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு வயசான அம்மாவுக்கு நான் கொடுத்த எவர்சில்வர் சம்படம். “அந்தக் கத்துறவரு வூடு எதுன்னு கேட்டேன், காட்டிட்டாங்க” என்று ஆரம்பித்தாள். சரோஜா பதறிப்போய் வாயில் விரலை வைத்தாள். அந்தப் பெண்ணும் தூளியைப் பார்த்துவிட்டு உடனே குரலைத் தாழ்த்தினாள்.

“ரேஷன் கடைக்குப் போன நேரத்துல எங்க மாமியாரு எடுத்துப் போட்டுட்டாங்க. தூளில கட்டியிருக்கறது எங்கம்மா புடவ. அம்மா போயி ரெண்டு வருசம் ஆவுது. ஏனத்த வாங்கிக்கினு புடவயக் குடுத்துடுங்கண்ணா.”

“மூட்ட ஏறின துணி எறங்காதும்மா.” இது எங்கள் தொழில் சட்டம். தெருவில் நான் சொன்னால் நாய்கூட ஒதுங்கும். ரகசியக் குரலில் சொன்னபோது, பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்வதுபோல் இருந்தது.

“அது மூட்டைக்கு. இது தூளி.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படச் சத்தம் வேண்டும். சத்தம் போட்டால் குழந்தை எழும், குழந்தை எழுந்தால் சரோஜா கிளம்புவாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்து அடி போகலாம் என்றால் இது என் வீடு. அவள் சம்படத்துக்கு மேல் ஒரு அஞ்சு ரூபாய் நோட்டை வைத்தாள். நான் மாட்டேன் என்று தலையை அசைத்தேன். இன்னொன்று வைத்தாள். நான் உதட்டை மட்டும் அசைத்து, “அம்பது குடுத்தாலும் இல்ல” என்றேன். அவள் என்னை விட்டுவிட்டு சரோஜாவிடம் திரும்பினாள்.

“எப்பக்கா முழிக்கும்?”

“அர மணி நேரத்துக்கு மேல பகல்ல தூங்கினதே இல்லம்மா. பல்லு மொளைக்கற வரைக்கும் இப்டித்தானாம். இப்ப எழுந்துடும்.”

“அப்ப இருக்கேன். எழுந்ததும் அவுத்துக்கறேன்.” வாசப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

பிறந்ததிலிருந்து எங்கள் குழந்தை எப்போது எழும் என்று ஒருவர் காத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். பதினொன்று அடித்தது. பன்னிரண்டு ஆயிற்று. குழாயடியில் யாரோ குடத்தை நழுவவிட்டார்கள். மூன்று பேரும் தூக்கிவாரிப்போட்டு தூளியைப் பார்த்தோம். அசையவில்லை. ஒரு மணிக்குள் சரோஜா தகரப்பெட்டிமேல் தலையைச் சாய்த்தவள், அப்படியே தூங்கிப்போனாள். எட்டு மாசத்தில் அவள் வாய் திறந்து தூங்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம் நானும் அந்தப் பெண்ணும் மட்டும். அவள் தூளியைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு மணிக்குச் சந்துக்குள் கோலமாவு விற்கிறவர் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், எனக்குத் தெரிந்தவர்தான். செருப்புகூடப் போடாமல் ஓடி, அவர் முன்னால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். அவர் கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு, “இன்னாப்பா பாத்திரக்காரா, உனுக்கே சத்தம் ஆவலியா?” என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மூணு மணி ஆயிற்று. நான் சரோஜாவை எழுப்பவில்லை. நான் அவளைத் தடுத்ததாகவும் சொல்ல முடியாது. பஸ் அந்நேரம் கிளம்பியிருக்கும். மூன்றரைக்கு அந்தப் பெண் எழுந்தாள். பள்ளிக்கூடம் விட்டு அவள் பிள்ளைகள் வருகிற நேரம். நேராகத் தூளிக்குப் போய்ப் புடவை ஓரத்தைக் கையில் பிடித்தாள். என் தொண்டை வரைக்கும் குரல் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் முடிச்சைத் தொடவில்லை. வெளியே தொங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காலைப் பிடித்து உள்ளே விட்டு, மடிப்பைச் சரியாக இழுத்து மூடினாள். பிறகு இரண்டு நோட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, சம்படத்தையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என் காதருகில் வந்து சொன்னாள்:

“பல்லு மொளைச்சதும் வந்து வாங்கிக்குவேன், தொவச்சு வைங்க. ஏனம் எங்க மாமியாருக்கு, புடவ எனக்கு, தூக்கம் உங்களுக்கு. சரியாண்ணா?”

துணியையும் பாத்திரத்தையும் சேர்த்து விட்டுக்கொடுத்து, வாயைத் திறக்காமல் தலையாட்டிய அந்தப் பேரம்தான் நான் செய்ததிலேயே நல்ல வியாபாரம் என்று, நாலரை மணிக்குக் கண்விழித்துப் பஸ் போய்விட்டதைத் தெரிந்துகொண்ட என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் இதில் அவளோடு பேரம் பேசுவதில்லை.