தட்டுக்காரரும் பெட்டியும்

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கடைக்காரர் காய்கறியைத் தராசில் வைத்தால், மாமாவின் கண் தராசுக்கு அடியில் இருக்கும். நாங்கள் சிரிப்போம். சிரித்த வாயை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

டைல்ஸ் தொழிற்சாலையில் அவர் இருபத்திரண்டு வருஷத் தட்டுக்காரர். சூளையிலிருந்து வரும் டைலைச் சின்ன மரச்சுத்தியால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்லது. தொண்டை கட்டிய மாதிரி ஒலித்தால் உள்ளே விரிசல்; அது தனி அடுக்குக்குப் போகும். கண்ணுக்குப் படாதது அவர் காதுக்குத் தப்பாது. என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். எங்களோடு இன்னும் இரண்டு தட்டுக்காரர்கள்.

போன வருஷம் வீடு கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். கட்டிய ஒன்றிரண்டு பேரும் கப்பலில் வந்த மலிவு டைலை வாங்கினார்கள். நான்கு சூளைகளில் இரண்டு ஆறிப்போயின. அந்தச் சூளைக்காரர்கள் பழக்கதோஷத்தில் காலையில் கேட் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகக் கற்றுக்கொண்டோம். உள்ளேயும் நிம்மதி இல்லை. சூப்பர்வைசரிடம் எவனாவது கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டால், அன்று முழுக்க எல்லோர் கண்ணும் அவன் முதுகில்தான்.

அப்போதுதான் பெட்டி வந்தது. ஆளுக்கொன்று, மேசை மேல். ஒரு மைக், இரண்டு பொத்தான்.

"தட்டுங்க. நல்லதுன்னா பச்சை, விரிசல்னா சிவப்பு. அவ்வளவுதான்," என்றார் சூப்பர்வைசர். எதற்கென்று சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாமா என்னை ஓரம் கட்டினார்.

"மாப்ள, இது நம்ம காதைத் திருட வந்த பெட்டி. நாம சொல்லச் சொல்ல அது படிக்கும். படிச்சு முடிச்சா நமக்கு டாட்டா."

"அதுக்கு என்ன பண்றது மாமா?"

"தப்பாப் படிக்கட்டும். டைலைச் சரியா அடுக்கு, பொத்தானை மட்டும் மாத்தி அழுத்து. அஞ்சுக்கு ஒண்ணு."

தலையாட்டினேன். விரல்தான் வரவில்லை. பயம், வேறென்ன. அவர் கேட்டபோதெல்லாம், "மாத்தித்தான் அழுத்துறேன் மாமா," என்று கூசாமல் பொய் சொன்னேன்.

ஆறாவது வாரம் விஷயம் வெளியே வந்தது. விரிசல் எது, நல்லது எது என்று முன்பே தெரிந்த டைல்களை நிர்வாகத்தினரே இடையில் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். நாலு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். யாரை என்று பொத்தான் சொல்லும். மாமா ஒரு டைலைக்கூடத் தப்பாக அடுக்கவில்லை. அடுக்கை எவன் பார்த்தான்? அவர் கையில் கொடுத்த வேலைநீக்கக் கடிதத்தில் 'செவித்திறன் குறைவு' என்று இருந்தது. அந்தக் காகிதத்தோடு அவரை இனி எந்தத் தொழிற்சாலை சேர்க்கும்? எனக்குக் கடிதம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வாசற்படியிலேயே மறித்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"சத்தியமா தெரியாதுக்கா."

"அப்ப நீ மட்டும் எப்படிச் சரியா அழுத்தின?"

பயந்து அழுத்தினேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளோ என்னவோ. அதிலிருந்து நான் போனால் கதவை முழுசாகத் திறப்பதில்லை. நின்றபடியே பேசி அனுப்பிவிடுகிறாள்.

மாமா இப்போது காலையில் கேட் வாசலில் நிற்கிறார். ஒரு மாதம் நான் அவரையும் பார்க்காமல்தான் போனேன். நேற்று அவரே குறுக்கே வந்தார்.

"பெட்டியை எடுத்துட்டாங்களா?"

"இல்ல மாமா. என் மேசையில அப்படியேதான் இருக்கு."

"ஆளைத்தான் பொறுக்கி எடுத்துட்டாங்களே. இன்னும் எதுக்கு இருக்கு?"

மாமா முதலில் சொன்ன மாதிரி அது இப்போது என் காதைத்தான் படிக்கிறதோ என்று நினைத்தபடியே உள்ளே போய் உட்கார்ந்தேன். முதல் டைலே தொண்டை கட்டியது. விரல் இரண்டு பொத்தானுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, பயந்தவன் எதை அழுத்துவானோ அதையே அழுத்தினேன். சிவப்பு.