உம்மாவுக்கு வாங்கிய மூன்று கபன்கள்

நான் வாழும் இந்த இங்கிலாந்துச் சிறுநகரில், பக்கத்து வீட்டுக் கொடியில் என்ன காய்ந்தாலும் காணாதது போல இருப்பதுதான் மரியாதை. ஆனால் பதினான்கு மீற்றர் வெள்ளைத் துணியைக் காணாதிருக்க மோரீனால் முடியவில்லை. வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "திரைச்சீலையா?" என்று கேட்டார். "இல்லை, என் தாயாரின் அடக்கத்துக்கு" என்றேன். கேட்டதற்குச் சரியான பதில் சொல்வது என் பழக்கம். மறுநாள் காலை கதவுத் துவாரத்தால் ஓர் அனுதாப அட்டை விழுந்தது. மாலையில் எலுமிச்சைக் கேக் வந்தது. அந்நேரம் உம்மா இலங்கையில், கல்முனைக்குடியில் குந்தியிருந்து சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். சிரித்து அடங்கவே நெடுநேரம் ஆனது. "கேக்கத் திருப்பிக் குடுத்திராத மனே, அந்த மனிசிட மனசு நோகும். நான் மௌத்தானதாவே இரிக்கட்டும்."

எனக்கு அப்படி இருக்க முடியாது. போய் உண்மையைச் சொன்னேன். உயிரோடிருக்கும் தாய்க்கு அடக்கத் துணி துவைத்துக் காயப்போடும் மகனை மோரீன் எப்படிப் பார்த்தார் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவர் தன் நாற்காலியைத் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டார்.

ஊரில் இதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை. மக்காவுக்குப் போகிறவர்கள் வெள்ளைத் துணி வாங்கி, அங்குள்ள புனித ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, தங்களுக்கோ பெற்றோருக்கோ அடக்கத்துக்குரிய கபனாகக் கொண்டு வருவார்கள். அது அலுமாரியில் நல்ல சேலைகளோடு சேர்ந்து கிடக்கும். சவூதியில் வேலை செய்த காலத்தில் நானும் உம்மாவுக்கு அப்படியொன்று கொண்டுவந்து கொடுத்தேன். வெளிநாட்டில் இருக்கிற மகன் தாயின் மௌத்துக்கு வந்து சேரமாட்டான் என்பது எனக்கு அப்போதே தெரியும். எங்களில் அடக்கம் அன்றைக்கன்றே முடிந்துவிடும். என் கை போகாவிட்டாலும் என் துணியாவது போகட்டும் என்று நினைத்தேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் உம்மாவிடம் கபனைக் கொடுத்து வைப்பது, பசித்தவனிடம் சோற்றைக் காவலுக்கு வைப்பது மாதிரி. ஊரில் மௌத்தாகும் பெண்களின் மையத்துகளைக் குளிப்பாட்டுவது அவர்தான். யாரும் நியமிக்கவில்லை, கூலியும் இல்லை. நன்றிக்கு ஒரு சேலை கொடுத்தால்கூட வாங்கமாட்டார். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும். வாசலில் யாரோ "மையத்து" என்றால் சோறு கருகும், உம்மா போயிருப்பார். என் கல்யாணத்தன்று என்னை மாப்பிள்ளையாக அழைத்துப் போகும் நேரத்தில் அவரைக் காணவில்லை. பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் ஒரு கிழவி மௌத்து. எல்லாம் முடிந்த பிறகு, ஈரத் தலையோடு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அவவுக்கு ஆருமில்ல மனே. உனக்கு இஞ்ச ஒரு ஊரே இரிக்கி." அன்று நாட்குறிப்பில் என்ன எழுதினேன் என்பதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே என்பதால் தண்ணீர் எட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. நான்காம் நாள் லைன் கிடைத்தது. உம்மாவின் குரல் கரகரத்துப் போயிருந்தது. "இரிக்கம் மனே. உன்ட கபன் முடிஞ்சி."

"என்ன முடிஞ்சது?"

"கடையெல்லாம் பூட்டு. பள்ளிவாசல்ல துணி இல்ல. சின்னஞ்சிறுசுகள் வரிசையா கிடக்குதுகள். உன்ட துணிய மூணு புள்ளைகளுக்கு ஆக்கினன்."

உயிரோடிருக்கிறார் என்று அறிந்த அந்த நிமிடத்திலேயே நான் கேட்டது, "எல்லாவற்றையுமா கொடுத்தீர்கள்?" என்றுதான். அதற்காக என்னை ஒருவரும் மன்னிக்கத் தேவையில்லை. உம்மா அதைக் கவனிக்கவே இல்லை. "பின்ன? நான் இன்னும் மௌத்தாகல்லையே" என்றார்.

இரண்டாவதுதான் மோரீன் பார்த்த துணி. ஹஜ்ஜுக்குப் போய் வந்த ஒருவரிடம் ஸம்ஸம் கேட்டு வாங்கி, நானே நனைத்து, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பினேன். யுத்தம் முடிந்த வருடம் அதுவும் போயிற்று. இந்துக்கள் வாழும் பாண்டிருப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு மா இடிக்க வரும் பூமணி அக்காவின் அக்கா மகள், வன்னியிலிருந்து முகாம் வழியாகக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்திருந்தாள். குழந்தையைச் சுற்ற நல்ல துணி இல்லையாம். உம்மா கபனை எடுத்து, சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

"உம்மா, அது மையத்துக்குப் போடுற துணி!"

"அது துணிக்குத் தெரியுமா மனே? ஸம்ஸம்ல நனைச்சது, புள்ளைக்கு பறக்கத்துத்தானே. பூமணிக்கும் சொன்னன், இனி அவன் எங்கட ஆளெண்டு. சிரிக்கிறா."

மூன்றாவதை நானே கொண்டு போனேன். பையின் மேல் உம்மாவின் பெயரையும், அதன் கீழே "கொடுக்கக் கூடாது" என்பதையும் அழியாத மையால் எழுதினேன். தங்கச்சி பரீதாவின் அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை அவளிடம் கொடுத்தேன். வீடு அவளுடைய சீதன வீடு, உம்மா அவளோடுதான் இருந்தார். உம்மா கட்டிலில் இருந்து தஸ்பீஹ் மணி உருட்டியபடி இதையெல்லாம் மிகவும் பணிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பணிவை நான் சந்தேகித்திருக்க வேண்டும்.

உம்மா மௌத்தானது ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை சுபஹு தொழுது முடித்த பாயிலேயே. பரீதாவின் அழைப்பு வந்தபோது இங்கே இன்னும் புதன்கிழமை முடியவில்லை. எந்த விமானத்தில் ஏறினாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேரமுடியாது என்று கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்ட பின், "அலுமாரியைத் திற, கபனை எடு" என்றேன். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

"எங்கே அது?"

"காக்கா, முதல்ல அழுங்க. பிறகு ஏசுங்க."

"பரீதா."

"அது வரிப்பத்தான்சேனைக்குப் போயித்து. போன நோன்பு மாசத்தில. வயல்ல புல்லுப் புடுங்கின மனிசி ஒண்டு, பாம்பு கடிச்சி மௌத்து."

"திறப்பு உன்னிடம்தானே இருந்தது?"

"உம்மா கேட்டா நான் இல்லையெண்டு சொல்லுவனா? நீங்க பக்கத்தில இருந்து பாருங்க, தெரியும்."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. இப்போது உம்மாவுக்கு எதைப் போடுவது என்று கேட்டேன். "அதுக்குத்தான் இஞ்ச சண்டை" என்றாள். உம்மா குளிப்பாட்டிய பெண்களின் மக்கள் மூன்று பேர், தங்களுக்கென்று வைத்திருந்த கபன்களோடு வாசலில் நிற்கிறார்களாம். என்டதைப் போடு, என்டதைப் போடு என்று ஒருவரையொருவர் தள்ளுகிறார்களாம். கடைசியில் அவர்களில், கடற்கரைப் பக்கம் இடியப்பம் விற்கும் ஒரு மனிசியின் துணிதான் உம்மாவுக்குப் போயிற்று. அவருடைய பெயரைப் பரீதாவிடம் இரண்டு முறை கேட்டேன். அழுகையில் இருந்த அவள், "இடியப்பக்கார ராத்தா" என்று மட்டும் சொன்னாள். நாட்குறிப்பில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உம்மா மீது, பரீதா மீது, முகம் தெரியாத அந்த இடியப்பக்கார ராத்தா மீதும். நான் வாங்கிய துணி கல்முனைக்குடி மண்ணில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறது. வரிப்பத்தான்சேனையில் ஒரு வயற்காரியோடு இருக்கிறது. பாண்டிருப்பில் எவனோ ஒருவன் அதில் உறங்கி வளர்ந்திருக்கிறான். அந்தக் கரையில் என் துணி போகாத ஒரே ஆள் என் உம்மா.

அடக்கத்தைப் பரீதாவின் கணவரான மச்சான் கைபேசியில் காட்டினார். ஆண்களின் தோள்களும் வானமும் தெரிந்தன. பிறகு எல்லோரும் குனிந்து மூன்று பிடி மண் போடத் தொடங்கினார்கள், படம் ஆடியது, நின்றுபோனது. நான் செருப்புகூடப் போடாமல் தோட்டத்துக்கு இறங்கினேன். இரவுப் பனியில் மண் இறுகிக் கிடந்தது, நகத்தால் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு பிடி எடுத்து நிமிர்ந்தேன். அதைப் போடுவதற்கு அங்கே ஒரு குழியும் இல்லை. எடுத்த இடத்திலேயே போட்டேன். மூன்று முறையும் அப்படித்தான் செய்தேன்.